எரிக் எரிக்சன்: மனித வாழ்வின் எட்டுப் பருவங்களை வகுத்தவர்

கல்வி உளவியல் படித்த ஆசிரியர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எரிக் எரிக்சன் என்ற பெயர் புதியதன்று. பரீட்சைக்காக அவருடைய எட்டுப் பருவங்களையும் வரிசை தவறாமல் மனனம் செய்தவர்களும் இருப்பார்கள். ஆனால் அப்பருவங்களை வகுத்தவரின் சொந்த வாழ்க்கை பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. பிறந்த நாடு, பேசிய மொழி, பெற்ற பெயர் மூன்றையும் விட்டு வேறொரு நாட்டில் வேரூன்றிய மனிதரின் வாழ்க்கை அது. வளரும் பிள்ளைகளையும் முதிர்ந்த பெற்றோரையும் வைத்துக்கொண்டு அந்நிய மண்ணில் வாழும் எமக்கு அதில் அறியவேண்டியவை உண்டு.

பிறப்பும் பெயரும்

எரிக்சன் 1902 ஆம் ஆண்டு யூன் மாதம் 15 ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தார். தாயார் கார்லா ஆபிரகாம்சன், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் மதிப்புப் பெற்ற யூதக் குடும்பத்துப் பெண். சலோமொன்சன் என்ற பங்குத் தரகரை மணந்த அவர், சிறிது காலத்திலேயே கணவரைப் பிரிந்துவிட்டார். குழந்தை சலோமொன்சன் என்ற பெயரைப் பெற்றாலும், உண்மைத் தந்தை அவரல்லர். தந்தை யார் என்பது எரிக்சனுக்கு வாழ்நாள் முழுவதும் தெரியாமலே போயிற்று.

தாயார் 1905 இல் கார்ல்ஸ்றூ நகரைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் தியோடர் ஹொம்பர்கரை மறுமணம் செய்தார். வைத்தியரே சொந்தத் தந்தை என்று சிறுவனுக்குச் சொல்லப்பட்டது. பெயரும் எரிக் ஹொம்பர்கர் ஆயிற்று. ஆனால் கண்ணாடி வேறு கதை சொன்னது. யூதக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை உயரமாகவும், பொன்னிற முடியும் நீல விழிகளும் கொண்டவனாகவும் இருந்தான். யூத ஆலயத்துப் பள்ளியில் அவனை அந்நியன் என்று கேலி செய்தார்கள். ஜேர்மன் பாடசாலையில் யூதன் என்று ஒதுக்கினார்கள். நான் யார் என்ற கேள்வியை ஏட்டில் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே அதனோடு வாழ்ந்தவர் அவர்.

அலைந்த இளமை

வளர்ப்புத் தந்தையார் மகனும் வைத்தியனாக வேண்டுமென்று விரும்பினார். மகனோ உயர்தரப் பாடசாலையை முடித்ததும் ஓவியம் கற்கப் புறப்பட்டார். சில ஆண்டுகள் ஜேர்மனியிலும் இத்தாலியிலும் ஊர் ஊராகச் சுற்றினார். நிலையான தொழிலுமில்லை, பட்டமுமில்லை. எமது பெற்றோர் கண்டால் உருப்படாத பிள்ளை என்றே முடிவு கட்டியிருப்பார்கள்.

1927 இல் பாடசாலை நண்பர் பீற்றர் புளொஸ் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். அங்கே சிக்மண்ட் புரொய்டின் மகள் அன்னா புரொய்டும் அவருடைய தோழி டொரதி பேர்லிங்ஹாமும் ஒரு சிறு பாடசாலையை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். அதில் ஆசிரியராகச் சேர்ந்த எரிக், பிள்ளைகளின் விளையாட்டையும் ஓவியங்களையும் கூர்ந்து பார்க்கப் பழகினார். அன்னா புரொய்டிடம் உளப்பகுப்பாய்வுப் பயிற்சி பெற்றதோடு, மொண்டிசோரி முறையிலும் சான்றிதழ் பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதையும் அவர் ஒருபோதும் படித்துப் பெறவில்லை. பின்னாளில் ஹாவார்ட் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக்கியது என்பதை, பிள்ளைகளின் புள்ளிகளை ஒப்பிட்டு வருந்தும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

1930 இல், கனடாவில் பிறந்த நடனக் கலைஞர் ஜோன் சேர்சனை மணந்தார். பிற்காலத்தில் கணவரின் எழுத்துக்களைச் செம்மைப்படுத்தியவரும், எட்டுப் பருவங்களை அவரோடு சேர்ந்து சிந்தித்தவரும் இவரே.

கடல் கடந்து

1933 இல் ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சிக்கு வந்தார். வியன்னாவிலும் ஆபத்து நெருங்குவதை உணர்ந்த தம்பதியர் இரண்டு சிறு ஆண்பிள்ளைகளுடன் வெளியேறினார்கள். முதலில் தாயாரின் ஊரான கோப்பன்ஹேகனில் குடியேற முயன்றார்கள், குடியுரிமை கிடைக்கவில்லை. அதன் பின்னரே அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார்கள். ஒரு நாட்டின் கதவு மூடி, இன்னொரு நாட்டின் கதவு திறந்த அனுபவம் எம்மில் பலருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கிலத்தை வளர்ந்த பின் கற்ற அவர், பொஸ்டனில் சிறுவர்களுக்கான முதலாவது உளப்பகுப்பாய்வாளராகப் பெயர் பெற்றார். 1936 இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும் 1939 இல் கலிபோர்ணியாவுக்கும் சென்றார். அந்த 1939 இலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தம் குடும்பப் பெயரை எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் என்பது அதன் பொருள். தந்தை பெயர் தெரியாத மனிதர் தமக்குத் தாமே தந்தையானார் என்று இதற்கு விளக்கம் சொல்வாருண்டு. யூத அடையாளத்தை மறைக்கவே மாற்றினார் என்று பின்னாளில் கடுமையாகக் குற்றஞ்சாட்டியவர்களும் உண்டு. ஹொம்பர்கர் என்பதை அவர் முற்றாகக் கைவிடவில்லை. நடுவெழுத்தாக இறுதிவரை வைத்திருந்தார்.

இரண்டு உலகங்களின் நடுவே

1938 இல் தென் டக்கோட்டா மாநிலத்தில் பைன் றிஜ் என்ற இடத்துக்குச் சென்று சூ பழங்குடிப் பிள்ளைகளை எரிக்சன் அவதானித்தார். காட்டெருமை வேட்டையை நம்பி வாழ்ந்த அம்மக்களின் வாழ்க்கை முறை அழிக்கப்பட்டிருந்தது. வீட்டில் கொடையும் பகிர்வும் பெருமையாகச் சொல்லப்பட்டன. அரசாங்கப் பாடசாலையில் போட்டியும் சேமிப்பும் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகள் எதிர்த்துச் சண்டையிடவில்லை. மெல்ல உள்ளே ஒடுங்கிப் போனார்கள். அவர்களுக்குக் குறைந்தது அறிவல்ல, நேற்றையும் நாளையையும் இணைக்கும் பாலமே என்று அவர் கண்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது சான் பிரான்சிஸ்கோவில் போர் வீரர்களுக்கான சிகிச்சை நிலையத்தில் பணிபுரிந்தார். போரிலிருந்து திரும்பிய இளைஞர் சிலருக்குத் தம் பெயரும் ஊரும் நினைவிருந்தும், முன்பிருந்த அதே ஆள்தான் தாம் என்ற உணர்வு கலைந்திருந்தது. இந்நிலையை விளக்கவே அடையாள நெருக்கடி என்ற சொல்லை அவர் கையாளத் தொடங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல் அங்கிருந்தே பிறந்தது.

எட்டுப் பருவங்கள்

1950 இல் வெளிவந்த குழந்தைப் பருவமும் சமூகமும் என்ற நூலில் அவருடைய கொள்கை முழு வடிவம் பெற்றது. புரொய்டின் கொள்கையில் ஆளுமையின் அத்திவாரம் சிறு வயதிலேயே இடப்பட்டு விடுகிறது. எரிக்சனோ, மனிதன் தொட்டில் முதல் முதுமைவரை வளர்கிறான் என்றார். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சோதனை உண்டு. சமூகமும் குடும்பமும் அதில் துணைநிற்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு உலகத்தை நம்பலாமா என்பது சோதனை. நடக்கப் பழகும் வயதில் தன்னாட்சியும் வெட்கமும் மோதுகின்றன. பாடசாலைக்கு முந்திய வயதில் தானாக முனைவதும் குற்றவுணர்வும். பாடசாலை வயதில் உழைப்பின் ஊக்கமும் தாழ்வுணர்வும். இளம் பருவத்தில் நான் யார் என்ற அடையாளத் தேடலும் குழப்பமும் வருகின்றன. வாலிபத்தில் நெருங்கிய உறவும் தனிமையும். நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுவதும் தனக்குள் தேங்கிப் போவதும். முதுமையில் வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்ளும் நிறைவும் விரக்தியும் எதிரெதிரே நிற்கின்றன.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஆரம்பத்தில் பட்டியலில் ஏழு பருவங்களே இருந்தன. ஒருநாள் புகையிரத நிலையத்துக்குக் காரில் செல்லும் வழியில், தாங்கள் அப்போது வாழ்ந்துகொண்டிருந்த நடுவயதையே விட்டுவிட்டதைக் கணவனும் மனைவியும் கண்டுகொண்டார்கள். பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தம்மை மறந்துபோவது இயல்புதானே.

பலர் இதைப் பரீட்சை போல, சித்தி அல்லது தோல்வி என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது சரியன்று. கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களைப் போல, நம்பிக்கையும் அவநம்பிக்கையும் இரண்டுமே தேவை. யாரையும் எதையும் நம்பும் பிள்ளை வீதியில் வாழ முடியாது. நல்ல பக்கம் கூடியிருந்தால் போதும். அந்த மீதிதான் அடுத்த பருவத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறது. முன்னைய பக்கத்துக் குறையைப் பின்னைய பருவத்திலும் ஓரளவு ஈடுசெய்யலாம் என்பதே அவர் தந்த ஆறுதல்.

மறைக்கப்பட்ட மகன்

1944 இல் தம்பதியருக்கு நீல் என்ற ஆண்குழந்தை டவுண் சிண்ட்ரோம் என்ற குறைபாட்டுடன் பிறந்தது. அக்கால வைத்தியர்களின் வழமையான ஆலோசனைப்படி குழந்தை பராமரிப்பு இல்லமொன்றில் ஒப்படைக்கப்பட்டது. வீட்டிலிருந்த பிள்ளைகளுக்கோ, தம்பி பிறந்ததும் இறந்துவிட்டான் என்றே சொல்லப்பட்டது. 1965 இல் நீல் இறந்தபோது பெற்றோர் இத்தாலியில் இருந்தார்கள்.

குழந்தையின் முதல் தேவை நம்பிக்கை என்று உலகுக்குச் சொன்னவர் வீட்டில் இது நடந்தது. தம் தந்தையைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டதால் வாழ்நாள் முழுவதும் வருந்தியவர், தம் பிள்ளைகளிடம் இன்னொரு உண்மையை மறைத்தார். அவரைத் தாழ்த்துவதற்காக இதை எழுதவில்லை. குறைபாடுள்ள பிள்ளையை உறவினர் கண்ணில் படாமல் வைத்திருக்கும் பழக்கம் எம்மிடையேயும் இல்லாமலில்லை. பெரிய அறிஞரையும் வென்றுவிடும் வலிமை அந்த வெட்கத்துக்கு உண்டு என்பதை அறிந்திருப்பது நல்லது.

கையொப்பமிடாத பேராசிரியர்

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் 1949 இல் ஆசிரியர்கள் அனைவரும் கம்யூனிஸ்டுகள் அல்லர் என்று உறுதிமொழி தரவேண்டுமெனக் கேட்டது. அப்போதுதான் பேராசிரியர் பதவி பெற்றிருந்த எரிக்சன் அதில் கையொப்பமிட மறுத்தார். மறுத்தவர்கள் பணிநீக்கம் செய்யப்படுவதைக் கண்டு 1950 இல் பதவியைத் துறந்தார். அவர் கம்யூனிஸ்ட் அல்லர். ஆனால் கையொப்பங்களும் பட்டியல்களும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஐரோப்பாவில் பார்த்துவிட்டு வந்தவர். பின்னர் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்ரொக்பிரிஜ் என்ற சிற்றூரில் உளநல நிலையமொன்றில் இளைஞர்களுக்குச் சிகிச்சை அளித்தார். 1960 முதல் 1970 வரை ஹாவார்டில் கற்பித்தார்.

அகமதாபாத்தும் ஆச்சிரமங்களும்

1962 இல் வாழ்க்கைப் பருவங்கள் பற்றிய கருத்தரங்குக்காக எரிக்சன் இந்தியாவில் அகமதாபாத் நகருக்குச் சென்றார். அவரை வரவேற்றது சாராபாய் குடும்பம். 1918 இல் அந்நகர ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தியடிகளை எதிர்த்து நின்ற ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா. அவ்வேலைநிறுத்தத்தின்போது காந்தி இருந்த உண்ணாவிரதத்தை எரிக்சன் ஆராய்ந்து 1969 இல் காந்தியின் உண்மை என்ற நூலை எழுதினார். அதற்குப் புலிட்சர் பரிசும் அமெரிக்காவின் தேசிய நூல் விருதும் கிடைத்தன. காந்தியை வியந்து எழுதியவர், மனைவியிடமும் மக்களிடமும் அவர் காட்டிய கடுமையையும் அந்நூலிலேயே எடுத்துக் கூறினார்.

இந்தியாவில் எரிக்சனைச் சந்தித்த சுதிர் காக்கர் என்ற இளைஞர், பொறியியல் படித்தவராக இருந்தும் உளவியலுக்குத் திரும்பி, 2024 இல் இறக்கும்வரை இந்தியாவின் புகழ்பெற்ற உளப்பகுப்பாய்வாளராக விளங்கினார். பிரமசரியம், இல்லறம், வானப்பிரத்தம், சந்நியாசம் என்ற எமது நான்கு நிலைகளையும் எரிக்சனின் பருவங்களையும் ஒப்பிட்டு 1968 இல் எழுதியவர் அவரே. இரண்டிலும் ஒவ்வொரு வயதுக்கும் உரிய கடமை உண்டு. ஒரு வேறுபாடும் உண்டு: எமது மரபில் முடிவான நோக்கம் வீடுபேறு, எரிக்சன் இவ்வுலக வாழ்வோடு நிறுத்திக்கொண்டார்.

முதுமையும் முடிவும்

எரிக்சனின் வரைபடம் ஆண்களின் வாழ்வையே அளவுகோலாகக் கொண்டது என்று, ஹாவார்டில் அவரோடு பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982 இல் விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. 1986 இல் எரிக்சன், மனைவி ஜோன், ஹெலன் கிவ்னிக் ஆகியோர் முதியவர்களை நேரில் கண்டு உரையாடி ஒரு நூலை வெளியிட்டார்கள். அப்போது அவருக்கே வயது 84. 1994 மே 12 ஆம் திகதி, 91 வயதில், மசாசூசெற்ஸில் காலமானார். ஜோன், தொண்ணூறைத் தாண்டியவர்களின் தளர்ச்சியைத் தம் அனுபவத்தில் கண்டு ஒன்பதாவது பருவமொன்றைச் சேர்த்து எழுதினார். அது 1997 இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவரும் மறைந்தார்.

எமது வீடுகளில் இப்பருவங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பதினாறு வயதுப் பிள்ளை நான் யார் என்று கேட்கும் அதே வீட்டில், ஊரைவிட்டு வந்த அப்பப்பா இதுவரை நான் யாராக இருந்தேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் நிற்கும் எமக்கு இரண்டு வேலையும் வீட்டுக்கடனும். முன்னவருக்குப் பழங்கதை தேவை. பின்னவருக்கு அதைக் கேட்க ஒரு காது தேவை. ஒருவரின் தேவை மற்றவரிடமே இருக்கிறது. ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ சிறுவயதுக் கதையொன்றைக் கேட்டு எழுதி வரலாம். பேத்தி பேரன்மார் அருகில் இல்லாத முதியவர்கள் பூசை முடிந்து மடப்பள்ளி வாசலில் தனித்து அமர்ந்திருப்பதை நாம் பார்க்கிறோம். அவர்களிடமும் போய்க் கேட்கலாம். தந்தையின் பெயரைக்கூட யாரும் சொல்லாமல் வளர்ந்த ஒருவர் அதற்காக எவ்வளவு தூரம் அலைந்தார் என்பதை மேலே கண்டோம். எமது பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு நேரத்தை நாம்தான் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.