சேப்பாக்கத்தில் 215 ரன். மனைவி கொலை வழக்கில் 20 மாத சிறை: யார் இந்த மகாதேவ சதாசிவம்?

1947-ல் சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ரன் அடித்தார் ஒரு இலங்கைத் தமிழர். பெயர் மகாதேவ சதாசிவம். அடுத்த வருஷமே இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கிய பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக இலங்கைக்கு கேப்டன். பிறகு சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் கேப்டனாக இருந்திருக்கிறார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை என்பது இன்றைய லீக் காலத்திலும் ஆச்சரியம்தான். தான் பார்த்ததிலேயே சிறந்த பேட்ஸ்மேன் இவர்தான் என்று மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரல் சொன்னதாக இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

1915-ல் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்தவர். மனைவி பரிபூரணம் வசதியான குடும்பம். நான்கு பெண் குழந்தைகள். ஆனால் திருமண வாழ்க்கை சரியாகப் போகவில்லை. சதாசிவத்துக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது. பரிபூரணம் விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போனார்.

1951 அக்டோபர் 8-ம் தேதி அந்த சம்மன் சதாசிவத்தின் கைக்கு வந்தது. மறுநாள், பம்பலப்பிட்டியில் உள்ள வீட்டின் கார் ஷெட்டில் பரிபூரணம் பிணமாகக் கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு மர உரல்.

சம்மன் வந்த மறுநாளே கொலை என்றால் சந்தேகம் யார் மேல் விழும்? சதாசிவம் கைதானார். இதற்கிடையே வீட்டில் வேலை பார்த்தவர் நகைகளோடு தலைமறைவாகி, சில நாள் கழித்துப் பிடிபட்டார். கொன்றது ஐயாதான், நான் கூட இருந்து உதவினேன் என்பது அவர் வாக்குமூலம். அரசுத் தரப்பு அவருக்கு நிபந்தனை மன்னிப்பு கொடுத்து அப்ரூவர் ஆக்கியது. இந்த வழக்கின் பெரிய கோளாறே இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரைத் துருவித் துருவி விசாரிக்க வேண்டுமோ, அவரையே முக்கிய சாட்சியாக்கிவிட்டார்கள்.

வழக்கைத் திருப்பியது எது?

நேரமும் பாதமும். சதாசிவம் அன்று காலை சுமார் 10.30-க்கு டாக்ஸியில் வீட்டை விட்டுக் கிளம்பினார். பரிபூரணம் இறந்தது அதற்கு முன்பா, பின்பா? பிரேதப் பரிசோதனை செய்த பேராசிரியர் டி சேரமின் கணிப்பு அரசுத் தரப்புக்குச் சாதகமாக இல்லை. அடுத்து, கொலை மாடி பெட்ரூமில் நடந்ததாக அப்ரூவர் சொன்னார். ஆனால் பரிபூரணத்தின் உள்ளங்கால்களில் அழுக்கு. வெறுங்காலோடு சமையலறையில் நின்றவரின் கால் மாதிரி இருந்தது. இதைக் கவனித்துச் சொன்னவர், சதாசிவம் தரப்புக்காக எடின்பரோவிலிருந்து வந்த தடயவியல் மருத்துவ நிபுணர் சர் சிட்னி ஸ்மித்.

வாதாடியவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. (இலங்கையின் 1972 அரசியலமைப்பை உருவாக்கியவரும் இதே கொல்வின்தான். அதைத் தமிழர்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை.) நீதிபதி கிரேஷியன் முன் 57 நாள் விசாரணை. 1953 ஜூன் 25-ல் ஜூரி ஒருமனதாக நிரபராதி என்றது. அதற்குள் சுமார் 20 மாதம் சிறையில் கழிந்திருந்தது.

அப்பீல் இல்லையா?

இல்லை. தண்டனை கிடைத்திருந்தால் தூக்கு. அப்போது அவர் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும், அதையும் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போயிருக்கலாம். நம்ம எம்.கே. தியாகராஜ பாகவதர், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பிரிவி கவுன்சில் வரை போன பிறகுதான் 1947-ல் வெளியே வந்தார். ஆனால் இலங்கையில் அந்த மேல்முறையீட்டுக் கதவு தண்டனை பெற்றவருக்கு மட்டும்தான். ஜூரி விடுதலை செய்துவிட்டால் அரசுத் தரப்பு அதை எதிர்த்துப் போக வழியில்லை.

இந்தியாவில் அப்படியில்லை. விடுதலையை எதிர்த்து அரசு அப்பீல் போகலாம். 2009 முதல் பாதிக்கப்பட்டவரின் குடும்பமே போகலாம்.

சதாசிவம் பின்னாளில் அந்தப் பெண்ணையே மணந்தார். 1977-ல் கொழும்பில் இறந்தார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு அவர் இன்னும் வெறும் ‘சதா’. மன்னிப்பு பெற்ற வேலையாள் மீது கொலை வழக்கு நடக்கவில்லை. பரிபூரணம் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.