புகழை விட்டுப் போர்முனைக்கு

1945ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. ஜெர்மனிக்குள் முன்னேறிய பிரெஞ்சுப் படையின் பீரங்கி வண்டி ஒன்றுக்கு, நாற்பது வயதான ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். அவர் ஒரு சாதாரண வீரர் அல்லர். போருக்கு முன்பு பிரான்சு நாட்டுத் திரையுலகில் கொடிகட்டிப் பறந்த நடிகர். அவர்தான் ழான் கபேன்.

கபேன் 1904ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் மேடைக் கலைஞர்கள். மெரியேல் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவருக்கு ரயில் ஓட்டுநராக வேண்டும் என்பதே சிறுவயது ஆசை. படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டுக் கூலி வேலை செய்தார். அவருடைய தந்தைதான் அவரை வற்புறுத்தி மேடைக்கு அழைத்து வந்தார். சிறு வேடங்களில் நடித்தும் பாடியும் படிப்படியாக முன்னேறிய கபேன், 1930ஆம் ஆண்டு பேசும் படங்களில் நடிக்கத் தொடங்கினார்.

தொழிலாளி, படைவீரர் போன்ற எளிய மனிதர்களின் வேடங்கள் அவருக்கு இயல்பாகப் பொருந்தின. 1937இல் ழான் ரெனுவார் இயக்கிய ‘மாபெரும் மாயை’ என்னும் படத்தில் போர்க்கைதியாக நடித்தார். மறு ஆண்டு, ‘மனித விலங்கு’ படத்தில் ரயில் ஓட்டுநராக நடித்தபோது, நீராவி ரயிலைத் தாமே ஓட்டினார். சிறுவயது ஆசை திரையில் நிறைவேறியது.

1940இல் ஜெர்மனி பிரான்சைக் கைப்பற்றியது. அந்த ஆட்சியின்கீழ் நடிக்க விரும்பாத கபேன், 1941இல் அமெரிக்கா சென்றார். அங்கே பணமும் பாதுகாப்பும் இருந்தன. ஆனாலும், தாய்நாடு துன்பத்தில் வாடும்போது தாம் மட்டும் வசதியாக வாழ அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1943இல் நாட்டின் விடுதலைக்காகப் போராடிய பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். முதலில் கடற்படையிலும் பின்னர்ப் பீரங்கி வண்டிப் படையிலும் பணியாற்றினார். அவருடைய துணிவுக்காகப் படைப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

போர் முடிந்து திரும்பியபோது, அவருடைய தலைமுடி நரைத்திருந்தது. இளம் நாயகனாக அவரைப் பார்த்துப் பழகிய ரசிகர்கள் முன்போல் திரண்டு வரவில்லை. கடமையைச் செய்ததற்கு அவர் கொடுத்த விலை அது. ஆயினும், கபேன் மனம் தளரவில்லை. வயதுக்கேற்ற வேடங்களை ஏற்று நடித்தார். 1954இல் வெளிவந்த ஒரு குற்றவியல் படத்தில், முதுமையை எட்டிக்கொண்டிருக்கும் கொள்ளையனாக நடித்து மீண்டும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தார். பெர்லின் திரைப்பட விழாவில் 1959, 1971 ஆகிய ஆண்டுகளில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார்.

1976ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கபேன் காலமானார். அவருடைய அஸ்தியைக் கடற்படைக் கப்பல் ஒன்று ஏந்திச் சென்றது. படை மரியாதையுடன் அது கடலில் கரைக்கப்பட்டது. புகழின் உச்சியில் இருந்தபோது அதனைத் துறக்கத் துணிந்தவர் கபேன். இழந்த புகழை மீட்கப் பொறுமையோடு உழைத்தவரும் அவரே.