ஹன்னிபாலும் யானைக் காசும்

யானைகளை நடத்திக்கொண்டு பனி மலையைத் தாண்டியவன் ஹன்னிபால். 15 ஆண்டுக் காலம் ரோமாபுரியைத் தூங்கவிடாமல் செய்தவன் அவன். இந்தக் கதை பலருக்கும் தெரியும்.

அவன் வாழ்க்கையில் இன்னொரு கதையும் உண்டு. அது வெள்ளியின் கதை.

வெள்ளி இல்லாமல் அவன் நாடு தவித்தது. வெள்ளியைத் தேடி அவன் தந்தை கடல் கடந்தான். வெள்ளிக் காசைக் கொடுத்தே ஹன்னிபால் படை திரட்டினான். கடைசியில், பொதுப் பணத்தைத் திருடியவர்களைப் பிடித்ததால் அவன் சொந்த நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது!

சம்பளம் கேட்ட பட்டாளம்

ஆப்பிரிக்காவின் வடகரையில், இன்றைய துனீசியா நாட்டில் இருந்தது கார்த்தேஜ் நகரம். அங்கே வாழ்ந்தவர்கள் கடல் வாணிகத்தில் கெட்டிக்காரர்கள். ரோமர்கள் இவர்களைப் பியூனிக் மக்கள் என்று அழைத்தார்கள்.

கி.மு. 247-ம் ஆண்டில் ஹன்னிபால் பிறந்தான். அவன் தந்தை ஹமில்கார் பெரிய தளபதி. அப்போது கார்த்தேஜுக்கும் ரோமாபுரிக்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கி.மு. 241-ம் ஆண்டில் கார்த்தேஜ் தோற்றது. 3,200 டாலண்டு வெள்ளியை 10 ஆண்டுகளில் கொடுக்க வேண்டும் என்று ரோமர்கள் உத்தரவு போட்டார்கள். டாலண்டு என்பது அந்தக் காலத்து நிறை. ஒரு டாலண்டு ஏறக்குறைய 26 கிலோ.

கார்த்தேஜின் பட்டாளத்தில் பெரும்பாலோர் கூலிக்குப் போரிட வந்த வெளிநாட்டார். யுத்தம் முடிந்ததும் அவர்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். கஜானாவில் பணம் இல்லை. சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கார்த்தேஜ் பேரம் பேசியது. பட்டாளம் கலகம் செய்தது. நாட்டு மக்களில் பலரும் அவர்களோடு சேர்ந்தார்கள். கலகக்காரர்கள் சொந்தமாகக் காசுகூட அடித்தார்கள்!

கலகத்தை அடக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காசு இல்லாத நாட்டுக்குப் படையும் இல்லை என்பதை ஹமில்கார் தெரிந்துகொண்டான்.

வெள்ளி மலை

ஸ்பெயினில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி.மு. 237-ம் ஆண்டில் ஹமில்கார் அங்கே புறப்பட்டான். 9 வயதுச் சிறுவன் ஹன்னிபாலும் கூடப் போனான். போகும் முன், ரோமாபுரிக்கு ஒருநாளும் நண்பனாக இருப்பதில்லை என்று கோயிலில் மகனைச் சத்தியம் செய்யச் சொன்னான் தந்தை. மகனும் செய்தான்.

ஸ்பெயினில் என்ன வேலை என்று ரோமாபுரித் தூதர்கள் பின்னர் ஹமில்காரைக் கேட்டார்கள். ரோமாபுரிக்குக் கொடுக்கவேண்டிய கடனை அடைக்கப் பணம் சேர்ப்பதாக அவன் பதில் சொன்னான். தூதர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஹமில்கார் இறந்த பிறகு அவன் மருமகன் அஸ்த்ருபால் தளபதி ஆனான். கடற்கரையில் புதிய கார்த்தேஜ் என்ற நகரத்தை அவன் கட்டினான். இன்று அதன் பெயர் கார்த்தகேனா. கி.மு. 221-ம் ஆண்டில் அவன் கொலையுண்டான். படை ஹன்னிபாலைத் தளபதி ஆக்கியது. அப்போது அவனுக்கு வயது 26.

பெபெலோ என்ற ஒரே சுரங்கம் ஹன்னிபாலுக்கு நாள்தோறும் 300 ராத்தல் வெள்ளி கொடுத்தது என்று பிளினி என்ற ரோம எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். அது அந்தக் காலத்து ரோம ராத்தல். இன்றைய கணக்கில் தினமும் ஏறக்குறைய 98 கிலோ! இந்த வெள்ளிதான் காசாகியது. காசுதான் படையாகியது.

காசில் இருப்பது யார்?

அந்தக் காசுகளில் சில இன்றும் கிடைக்கின்றன. அவற்றுக்கு ஷெக்கல் என்று பெயர். ஒரு ஷெக்கல் 7 கிராமுக்குச் சற்று அதிகம். இரட்டை ஷெக்கலும் உண்டு. அது 14 கிராமுக்கு மேல் இருக்கும்.

புகழ்பெற்ற காசு ஒன்றில், ஒரு பக்கம் ஓர் ஆணின் தலை. தோளில் கதாயுதம். மறுபக்கம் ஒரு யானை. சில காசுகளில் யானை மேல் பாகன் இருப்பான். வேறு சில காசுகளில் யானைக்குப் பதிலாகக் குதிரையும் பேரீச்ச மரமும் இருக்கும்.

இந்தக் காசுகளில் பெரும்பாலும் எழுத்தே கிடையாது. பெயர் இல்லை. ஆண்டும் இல்லை. பிறகு எப்படி அடையாளம் கண்டார்கள்? மூன்று வழிகள் உதவின. ஒன்று, எடை. இரண்டு, சின்னம். மூன்று, கிடைத்த இடம். இதே வகைக் காசுகள் ஸ்பெயின் மண்ணுக்குள்ளிருந்து புதையல் புதையலாகக் கிடைத்தன. ஆகவே அவை அங்கே ஹமில்கார் குடும்பத்தார் அடித்தவை என்று முடிவு கட்டினார்கள்.

அந்த முகம் யாருடையது? 1956-ம் ஆண்டில் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் நாணய ஆராய்ச்சியாளர், தாடியுள்ள முகம் ஹமில்கார் என்றும், தாடி இல்லாத முகங்களில் ஒன்று ஹன்னிபால் என்றும் சொன்னார். ஆனால் கதாயுதம், மெல்கார்ட் என்ற தெய்வத்தின் அடையாளம். அது ஹமில்கார் குடும்பம் கும்பிட்ட தெய்வம். ஆகவே காசில் இருப்பது மெல்கார்ட்தான் என்று இன்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தத் தெய்வத்தின் முகத்தில் தளபதியின் சாயல் உண்டா, இல்லையா? விவாதம் இன்னும் ஓயவில்லை.

பனி மலையைத் தாண்டினான்

கி.மு. 218-ம் ஆண்டில் ஹன்னிபால் பெரும் படையோடு இத்தாலிக்குப் புறப்பட்டான். வழியில் ரோன் நதியைக் கடந்தபோது 37 யானைகள் அவனிடம் இருந்தன. ஆல்ப்ஸ் மலையை 15 நாட்களில் தாண்டினான். பனியிலும் பசியிலும் வீரர்கள் மடிந்தார்கள். இத்தாலியில் இறங்கியபோது மிஞ்சியவர்கள் 20,000 காலாட்கள், 6,000 குதிரை வீரர்கள்.

அந்தச் சிறு படையை வைத்துக்கொண்டு அவன் ரோமர்களைத் தோல்வி மேல் தோல்வி அடையச் செய்தான். சதுப்பு நிலத்தில் நடந்தபோது கண்ணில் நோய் கண்டு ஒரு கண் பார்வை போயிற்று. அவன் நிற்கவில்லை. கி.மு. 216-ம் ஆண்டில் கன்னே என்ற இடத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50,000 ரோம வீரர்கள் மடிந்தார்கள்.

ஆனால் ரோமாபுரி பணியவில்லை. ஹன்னிபாலை நேரில் வெல்ல முடியாது என்று கண்டு, அவன் காசுப் பையைக் குறி வைத்தது. கி.மு. 209-ம் ஆண்டில் சிப்பியோ என்ற இளம் ரோமத் தளபதி ஸ்பெயினுக்குப் போய், புதிய கார்த்தேஜ் நகரத்தை ஒரே நாளில் பிடித்தான். வெள்ளிச் சுரங்கங்கள் கை மாறின. கார்த்தேஜின் காசில் வெள்ளி குறைந்தது, செம்பு கூடியது.

உதவிப் படையோடு இத்தாலிக்கு வந்த ஹன்னிபாலின் தம்பி கி.மு. 207-ம் ஆண்டில் போரில் மாண்டான். அவன் தலையை ரோமர்கள் அண்ணனின் பாசறைக்குள் வீசினார்கள். கி.மு. 203-ம் ஆண்டில் தாய்நாடு ஹன்னிபாலைத் திரும்ப அழைத்தது. மறு ஆண்டு, சாமா போரில் சிப்பியோ அவனை வென்றான்.

கால் பங்கு கலப்படம்

இம்முறை ரோமாபுரி கேட்ட தண்டம் 10,000 டாலண்டு வெள்ளி. 50 ஆண்டுகளில் தவணையாகக் கொடுக்க வேண்டும். அதாவது ஆண்டுக்கு 200 டாலண்டு. ஏறக்குறைய 5,200 கிலோ!

பணம் வசூலிக்கத் தொடங்கியதும் கார்த்தேஜ் சபையில் பெரிய மனிதர்கள் அழுதார்கள். ஹன்னிபால் சிரித்தான். எல்லோரும் அவனைக் கடிந்துகொண்டார்கள். நாட்டின் ஆயுதங்களைப் பறித்தபோதும், கப்பல்களைக் கொளுத்தியபோதும் கண்ணீர் விடாதவர்கள், தங்கள் மடியிலிருந்து பணம் போகும்போது மட்டும் அழுகிறார்களே என்று அவன் திருப்பிக் கேட்டான்.

கி.மு. 199-ம் ஆண்டில் முதல் தவணை ரோமாபுரிக்குப் போய்ச் சேர்ந்தது. ரோமாபுரிக் கஜானா அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. வெள்ளியை உருக்கிப் பார்த்தார்கள். கால் பங்கு காணாமல் போயிற்று! அத்தனையும் கலப்படம். கார்த்தேஜ் தூதர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். ரோமாபுரியிலேயே கடன் வாங்கி, குறைந்த வெள்ளியை ஈடு செய்தார்கள்.

கணக்குக் கேட்டான்

கி.மு. 196-ம் ஆண்டில் ஹன்னிபால் கார்த்தேஜின் தலைமை ஆட்சியாளர் பதவிக்கு வந்தான். தண்டப் பணத்துக்காக மக்கள் மீது புது வரி விழும் நிலை இருந்தது. ஹன்னிபால் வாளை எடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்தான்.

துறைமுக வரி எவ்வளவு? நில வரி எவ்வளவு? செலவு எவ்வளவு? மீதி எங்கே? ஒவ்வொன்றாக விசாரித்தான். பெரிய மனிதர்கள் பலர் பொதுப் பணத்தை விழுங்கியிருந்தது தெரிந்தது. விழுங்கிய பணத்தைக் கக்க வைத்தாலே போதும், மக்களுக்கு வரி வேண்டாம் என்று சபையில் அறிவித்தான். சொன்னபடியே செய்தும் காட்டினான்.

ஏழைகள் மகிழ்ந்தார்கள். அகப்பட்டவர்கள் பல்லைக் கடித்தார்கள். ஹன்னிபால் ரோமாபுரியின் எதிரிகளோடு சேர்ந்து சதி செய்கிறான் என்று ரோமாபுரிக்கு எழுதிப் போட்டார்கள். போர்க்களத்தில் அவனை வென்ற சிப்பியோவே, இந்தப் புகாரில் ரோமாபுரி தலையிடக் கூடாது என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை. கி.மு. 195-ம் ஆண்டில் ரோமத் தூதர்கள் வந்தார்கள். அன்று இரவே ஹன்னிபால் கப்பல் ஏறித் தப்பினான்.

அவன் போய்விட்டான். அவன் சீர்ப்படுத்திய கஜானா நிலைத்தது. கி.மு. 191-ம் ஆண்டில், மீதித் தவணைகள் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டிவிடுவதாகக் கார்த்தேஜ் சொன்னது. ரோமாபுரி அதை ஏற்க மறுத்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கலப்பட வெள்ளி அனுப்பிய அதே நாடு!

மேலே தங்கம், கீழே ஈயம்

சிரியா அரசன் அந்தியோக்கஸ் ஹன்னிபாலுக்கு இடம் கொடுத்தான். அவனும் ரோமர்களிடம் தோற்றான். ஹன்னிபால் கிரீட் தீவுக்குப் போனான். அவனிடம் நிறையப் பொருள் இருப்பது ஊராருக்குத் தெரிந்துவிட்டது. அவன் பல ஜாடிகளில் ஈயத்தை நிரப்பினான். மேலே மட்டும் தங்கத்தையும் வெள்ளியையும் பரப்பினான். ஊரார் முன்னிலையில் அவற்றைக் கோயிலில் வைத்தான். உண்மையான பொருளை வெண்கலச் சிலைகளுக்குள் போட்டு, அவற்றை வீட்டு முற்றத்தில் அலட்சியமாகக் கிடத்தினான். ஊரார் ஜாடிகளுக்குக் காவல் இருந்தார்கள். ஹன்னிபால் சிலைகளோடு கப்பல் ஏறினான்!

கடைசியில் பித்தினியா நாட்டு அரசனிடம் தஞ்சம் புகுந்தான். அது இன்றைய துருக்கியில் இருக்கிறது. ரோமர்கள் அங்கும் விடவில்லை. கி.மு. 183-ம் ஆண்டில் வீரர்கள் அவன் வீட்டைச் சூழ்ந்தார்கள். எல்லா வழிகளும் அடைபட்டன. 64 வயது முதியவன் விஷம் அருந்தி உயிர் விட்டான். எதிரியிடம் பிடிபடவில்லை.

இன்று அதன் மதிப்பு என்ன?

ஒரு ஷெக்கலில் உள்ள வெள்ளி, கால் மெட்டி செய்யத்தான் போதும். ஆனால் நல்ல யானைக் காசு ஏலத்துக்கு வந்தால், வெள்ளி விலையைப்போல் பல நூறு மடங்குக்குப் போகிறது.

அதனால் போலிகளும் உண்டு. அச்சில் வார்த்த போலிக் காசின் விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும். மேலே சிறு குமிழிப் பள்ளங்கள் இருக்கும். செம்பின் மேல் வெள்ளி பூசிய காசும் உண்டு. அதை எடை காட்டிக்கொடுக்கும். தூய வெள்ளி, அதே அளவு தண்ணீரைப்போல் பத்தரை மடங்கு எடை இருக்கும். செம்புக்கு ஒன்பது மடங்குகூட இல்லை.

பழங்காசை உரைகல்லில் உரைக்கக் கூடாது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் கூடாது. தேய்த்தால் மதிப்பு போய்விடும். எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது என்ற சான்றும் வேண்டும். ஸ்பெயினில் 1985-ம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருள் பொதுச் சொத்து. திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த காசுக்குக் கள்ளச் சந்தை விலை இருக்கலாம், கௌரவம் இல்லை.

சின்னம் சரியா, எடை சரியா, வந்த வழி நேர்தானா? பழங்காசைக் கையில் வாங்குகிறவர்கள் இந்த மூன்றையும் பார்க்கிறார்கள். கார்த்தேஜின் கஜானாவிடம் ஹன்னிபால் கேட்டதும் இப்படிப்பட்ட கேள்விகளைத்தான். காசுக்கு நாணயம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நேர்மைக்கும் அதே பெயர்தான்.