விலைபோகாமல் திரும்பிய ஓவியங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் இருக்கிறது கிருமாம்பாக்கம். அந்தச் சாலையில் சந்தைக்குப் போய் வரும் உழைப்பாளிகளை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவர்களுடைய கருத்த மேனியில் காவியத்துக்குரிய அழகு உண்டு என்று நினைத்ததுண்டா?

நினைத்தார் ஒரு பெண். அவர்தான் ஓவிய மேதை அம்ரிதா ஷெர்கில்.

1913-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாப் சீக்கியர். தாய் ஹங்கேரி நாட்டவர். அம்ரிதா பாரிசில் ஓவியம் கற்றார். அவர் தீட்டிய ‘இளம் பெண்கள்’ என்ற படம் 1933-ல் அங்கே தங்கப் பதக்கம் பெற்றது. ஆனாலும் அவர் மனம் இந்தியாவையே நாடியது. 1934-ன் இறுதியில் திரும்பிவிட்டார்.

நவாபுடன் பேரம்

1936-ன் இறுதியில், படங்களோடு தெற்கே புறப்பட்டார். அஜந்தா குகை ஓவியங்களைக் கண்டு மெய்மறந்தார். பிறகு ஐதராபாத்தில் கண்காட்சி நடத்தினார்.

அங்கே நவாப் சாலார் ஜங் பெரும் செல்வந்தர். கலைப்பொருள்களை வாங்கிக் குவித்தவர். அம்ரிதாவுக்கு அப்போது வயது 23. படம் விற்றால்தான் கையில் காசு. படங்கள் நவாபிடம் போய்ச் சேர்ந்தன.

நவாபின் சேகரிப்பில் பழைய பாணி ஐரோப்பியப் படங்கள் இருந்தன. அவற்றைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்ரிதா சொல்லவில்லை! செசான், வான்கா போன்ற மேதைகள் இருக்கும்போது இவற்றை எப்படி வாங்கினீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

பேரம் முறிந்தது. படங்கள் திரும்பி வந்தன.

அவர் கலங்கவில்லை. கன்னியாகுமரி வரை பயணத்தைத் தொடர்ந்தார். 1937-ல், தாம் கண்ட தென்னாட்டு மக்கள் சந்தைக்குச் செல்லும் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார்.

காலம் சொன்ன தீர்ப்பு

1941-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி லாகூரில் அம்ரிதா காலமானார். அப்போது அவருக்கு வயது 28தான்!

நவாப் சேர்த்த பொருள்கள் 1951-ல் ஐதராபாத்தில் அருங்காட்சியகம் ஆயின. டெல்லியில் 1954-ல் தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் தொடக்கச் செல்வங்களில் அம்ரிதாவின் ஓவியங்களும் இருந்தன.

1976-ல் அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. 2023-ல் அவரது ஓவியம் ஒன்று சுமார் 62 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது.

படத்தை விற்கத்தான் அந்தப் பெண் போனார். ஆனால், தம் வாய்ச்சொல்லை விற்க அவர் சம்மதிக்கவில்லை.