பாலையில் வழி கண்ட ஸ்டுவர்ட்

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மரீ என்னும் சிற்றூரிலிருந்து மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மண்சாலை செல்கிறது. ஊட்னடாட்டா பாதை என்பது அதன் பெயர். இருமருங்கும் செம்மண்ணும் கல்லுமே பரந்து கிடக்கும். பெருமழை பெய்தால் பாதை சேறாகி அடைபட்டுவிடும். ஆதலால் மோட்டார் வண்டியில் செல்வோர் குடிநீர், எரிபொருள், மாற்றுச் சக்கரம் ஆகியவற்றைச் சேகரித்துக்கொண்டே புறப்படுவர். இவ்வழியைக் குதிரை மீதேறிக் கடந்தவர் ஜான் மெக்டூவல் ஸ்டுவர்ட்.

ஸ்டுவர்ட் 1815ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டைசார்ட் என்னும் ஊரில் பிறந்தார். 1839இல் தென் ஆஸ்திரேலியா வந்து நில அளவைப் பணியில் அமர்ந்தார். உயரம் குறைந்தவர், மெலிந்தவர். 1844இல் சார்ல்ஸ் ஸ்டர்ட் என்பவரின் பாலைப் பயணத்தில் வரைபடம் தீட்டுபவராகச் சென்றார். காய்கனி உண்ணாமையால் வரும் ஸ்கர்வி நோய்க்கு அக்குழுவின் துணைத்தலைவர் பலியானதை அவர் நேரில் கண்டார்.

1858 முதல் 1862 வரை ஸ்டுவர்ட் ஆறு பயணங்களை மேற்கொண்டார். ஐயர் என்னும் பெரிய உப்பேரியின் அருகே, நிலத்தடி நீர் மேலெழும் ஊற்றுகள் சங்கிலிபோல் தொடர்கின்றன. அரபானா மக்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வூற்றுகளை அறிந்திருந்தனர். ஊற்றுக்கு ஊற்று நடந்து பண்டமாற்றும் செய்துவந்தனர். ஸ்டுவர்ட் அவற்றை வரைபடத்தில் குறித்தார் என்பதே பொருத்தமான கூற்று. சில ஆட்கள், குறைந்த சுமை, நீர் கண்ட இடத்திலிருந்து அடுத்த நீரைத் தேடுதல். இதுவே அவர் கையாண்ட முறை.

1860 ஏப்ரலில் இரு துணைவருடன் கண்டத்தின் நடுப்பகுதியை அடைந்தார். அங்கிருந்து மேலும் வடக்கே சென்றபோது அந்நிலத்து மக்கள் எதிர்த்தனர்; உணவும் குறைந்தது; நோயும் வாட்டியது. அவர் திரும்பினார். 1861இலும் அடர்ந்த முட்புதரும் நீரின்மையும் தடுக்கவே மீண்டும் திரும்பினார். அதே ஆண்டில், மெல்பர்ன் நகரிலிருந்து பெரும் பொருட்செலவில் புறப்பட்டிருந்த பர்க், வில்ஸ் இருவரும் திரும்பும் வழியில் மாண்டனர். ஸ்டுவர்ட்டின் ஆறு பயணங்களிலும் அவருடைய துணைவர் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

1862 ஜூலை 24ஆம் நாள் வடகடலைக் கண்டார். அந்நீரில் முகமும் கையும் கழுவினார். திரும்பும் வழியில் ஸ்கர்வி அவரையே வீழ்த்தியது. பார்வை மங்கியது, சேணத்தில் அமரவும் இயலவில்லை. துணைவர்கள் இரு குதிரைகளுக்கிடையே தூளி கட்டி, அதில் அவரைக் கிடத்திப் பல நூறு மைல் கொண்டுவந்தனர். அடிலெய்டு நகரம் திரண்டு வரவேற்றது. ஆயினும் இழந்த உடல்நலம் மீளவில்லை. 1866இல் லண்டனில், ஐம்பதாம் வயதில் அவர் காலமானார். இறுதிச் சடங்கிற்கு வந்தோர் மிகச் சிலரே.

1872இல் அடிலெய்டையும் டார்வினையும் இணைத்த தந்திக் கம்பி பெரும்பாலும் அவர் சென்ற வழியிலேயே நாட்டப்பட்டது. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி வழியாகச் செய்திகள் ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு, சென்னை எனக் கடந்து லண்டனை அடைந்தன. நீராவி இயந்திரத்திற்கும் தண்ணீர் வேண்டுமல்லவா? இரயில் பாதையும் அவ்வூற்றுகளை ஒட்டியே போடப்பட்டு, 1980இல் கைவிடப்பட்டது. அதன் பழைய பாலங்கள் மண்சாலையோரம் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றிற்குச் சற்றுத் தொலைவில் ஊற்று நீர் இன்றும் குமிழியிட்டுக் கொண்டிருக்கிறது.