கர்னல் காலின் மெக்கன்சி

ஸ்காட்லாந்தைச் சார்ந்த தீவொன்றில் 1754-இல் பிறந்த மெக்கன்சி, கும்பினிப் படையில் சேர்ந்து 1783-இல் சென்னை வந்தார். நில அளவை அவரது உத்தியோகம். சுவடி, கல்வெட்டு, நாணயம், பழஞ்சின்னங்களின் சித்திரம் ஆகியவற்றைத் திரட்டுவதே அவரது தவம். காவலி வெங்கட பொறய்யா முதலிய நம் நாட்டறிஞர்கள் அவருக்குக் கண்ணும் செவியுமாயினர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமராவதிப் புத்தத் தூபியைக் கண்ட அவர், 1816-இல் மீண்டும் சென்றார். அந்தோ! கற்கள் பல கட்டட வேலைக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றை உதவியாளர்களைக் கொண்டு வரைவித்தார். அச்சிற்பங்களுட் சில இன்று அச்சித்திரங்களில் மட்டுமே வாழ்கின்றன.

1821-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பல சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தை அடைந்தன. உத்தியோகத்தின்பொருட்டுச் செம்பூரில் குடியேறிய நாமும், பெட்டியடியிற் கிடக்கும் பாட்டனார் ஏட்டையும் கடிதத்தையும் பேணுவோமாக!