தொடாது தூக்கும் காற்றும் தானியேல் பேர்னூலியும்

மெல்லிய பொருளை எடுப்பார் அதனைப் பற்றியே எடுத்தல் உலக வழக்கு. ஆயின், சூரியக் கலங்களுக்கு வேண்டப்படும் சிலிக்கன் தகடுகள் அவ்வழக்குக்கு இடந்தருவன அல்ல. அவற்றின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கினும் குறைந்தது. இடுக்கி பட்டால் விளிம்பு சிதறும். விரல் பட்டால் முகம் மாசுறும். ஆதலால், ஆலைகளில் அவற்றின்மேற் காற்றை ஊதியே அவற்றைத் தூக்குகின்றனர். ஊதுங் காற்றுக் கீழே தள்ளாது மேலே தூக்குவது எங்ஙனம்? இதனை விளக்கும் விதியைக் கண்டவரும், அத்தூக்குங் கருவிக்குப் பெயராய் விளங்குபவரும் தானியேல் பேர்னூலி என்னும் பேரறிஞராவர்.

இவர் 1700 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுக் குரோனிங்கன் நகரிற் பிறந்தார். தந்தையார் யோகான் பேர்னூலி, ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற கணித ஆசிரியர். 1705 இற் குடும்பம் சுவிற்சர்லாந்திலுள்ள பாசல் நகருக்கு மீண்டது. தம்மை வணிகத்திற் புகுத்த முயன்ற தந்தைக்கு இணங்காது கணிதம் பயின்றவரே யோகான். அவரே தம் மகனையும் வணிகத்திற் புகுத்த முயன்றமை வியப்பன்றோ! மகன் இணங்காமையால் மருத்துவம் பயில விடுத்தார். தானியேல் மூச்சியக்கத்தைப் பற்றி ஆராய்ந்து 1721 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாசலிற் பேராசிரியர் பதவிகள் அக்காலத்திற் சீட்டுக் குலுக்கி வழங்கப்பட்டன. சீட்டு இவர்க்கு வாய்க்கவில்லை.

1725 இல் தமையனார் நிக்கொலாசுடன் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் கழகத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டே தமையனார் மறைந்தார். 1727 இல் தந்தையின் மாணாக்கராகிய ஒயிலர் அங்கு வந்து துணையாயினர். குழாயில் ஓடும் நீரின் வேகத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பை இவர் ஆராய்ந்தது அந்நகரிலேயே. வேகம் மிகுமிடத்து அமுக்கம் குறையும் என்பதே அவ்வாராய்ச்சியின் பயன். இன்று நாம் பயிலும் சமன்பாட்டு வடிவை அதற்குப் பின்னர் அமைத்தவர் ஒயிலர்.

1734 இற் பாரிஸ் கழகம் தன் பரிசைத் தந்தைக்கும் மகனுக்கும் ஒப்பப் பகிர்ந்தளித்தது. மக்கட்பேற்றில் வள்ளுவர் போற்றும் உவகை யோகானுக்கு வாய்க்கவில்லை. மகன் தமக்கு நிகராக வைக்கப்பட்டதைப் பொறாது, அவரைத் தம் இல்லத்திற் புகாது தடுத்தார் என்பர். தானியேலின் நீரியக்க நூல் 1738 இல் வெளிவந்தது. அதன் முகப்பில் அவர் தம்மை யோகானின் மைந்தர் என்றே பொறித்திருந்தார். தந்தையாரோ தாமும் அப்பொருள்மேல் நூலொன்று எழுதி, 1732 இலேயே அதனைக் கண்டதாக ஆண்டு குறித்து வெளியிட்டார். 1748 இல் அவர் இறக்குமளவும் அப்பிளவு ஆறவில்லை. தானியேல் பாரிஸ் கழகப் பரிசைப் பத்துமுறை பெற்றார். 1750 முதற் பாசலிற் பௌதிகம் கற்பித்தார். மணஞ்செய்யாது வாழ்ந்து, 1782 இல் மறைந்தார்.

அவர் கண்ட விதியை வகுப்பறையிலேயே காட்டலாம். தபாலட்டைத் துண்டொன்றின் நடுவே குண்டூசியைக் குத்தி, அவ்வூசி நூற்கட்டையின் துளைக்குட் செல்லுமாறு அட்டையைக் கீழே பிடித்து, மேலிருந்து விடாது ஊதுக. கையை எடுத்தாலும் அட்டை விழாது. இடைவெளியில் விரைந்து பரவுங் காற்றின் அமுக்கம் குறைய, கீழுள்ள வளிமண்டலம் அட்டையை மேலே தாங்குகின்றது. ஆலைக்கருவியின் தொழிலும் இதுவே. ஊசிக்கு ஈடாக, தகடு பக்கம் வழுகாதிருக்க அதன் விளிம்பிற் சிறு தடுப்புகள் நிற்கும். தகடு மிக நெருங்கின், காற்றின் வழி குறுகி அமுக்கம் ஏறி அதனை அகற்றும். சிறிது விலகின், மீண்டும் மேலே ஈர்க்கும். இங்ஙனம் ஒட்டாமலும் விழாமலும் தகடு நிற்கும்.

மக்களையும் மாணாக்கரையும் தாங்கி நிற்பார்க்கும் இவ்வளவறிதல் வேண்டும். யோகான் அதனை அறிந்திலர். அவர் மைந்தர் கண்ட விதியோ அதனை நாடோறும் நிகழ்த்திக் காட்டுகின்றது.